மகளின் வாட்ஸ்அப், அப்பாவின் லேப்டாப்பில்

கேள்வி:

மேடம், எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. மகன் ஆறாம் வகுப்பு. டியூஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வர ஏழரை மணி ஆகிவிடுகிறது என்று இந்த வருடம் அவளுக்குத் தனியாக போன் வாங்கிக் கொடுத்தோம். வாங்கிய வாரமே என் கணவர் அவளுக்குத் தெரியாமல் அவளுடைய வாட்ஸ்அப்பைத் தன்னுடைய ஆபீஸ் லேப்டாப்பில் இணைத்துவிட்டார். அவள் தூங்கிய பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம்.

அவள் வகுப்புப் பையன் ஒருவனோடு தினமும் பேசுகிறாள். 'ஐ லைக் யூ' வரைக்கும் போயிருக்கிறது. இதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது. அது போக, கேமில் பழக்கமான ஒருவன், 'அண்ணா' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறாள், அடிக்கடி மெசேஜ் அனுப்புகிறான். காலேஜ் படிக்கிறேன் என்கிறான். போன வாரம் யூனிஃபார்மில் போட்டோ கேட்டிருக்கிறான், இவள் இன்னும் அனுப்பவில்லை. இன்னொன்று, இவளுடைய தோழி 'நேத்து கையைக் கீறிக்கிட்டேன், அம்மாகிட்ட சொல்லிடாதே' என்று எழுதியிருந்தாள். இதையெல்லாம் கேட்கப் போனால் நாங்கள் படிப்பது தெரிந்துவிடும். கணவர், 'நான் பெத்த பொண்ணுக்கு என்கிட்ட என்ன ரகசியம்' என்கிறார். அவருடைய நண்பர் ஒரு ரகசிய ஆப் சொல்லியிருக்கிறார், போட்டால் எல்லாமே தெரியுமாம். போடலாமா?

பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அசலில் பாதிக்கு மேல் அந்த வகுப்புப் பையனைப் பற்றியது. கேம் அண்ணாவுக்கு ஒரு பத்தி, தோழிக்கு மூன்று வரி. நான் இதை அப்படியே தலைகீழாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவசரத்தின் வரிசை அதுதான். தோழி முதலில். அந்த அண்ணா அடுத்து. வகுப்புப் பையன் கடைசியில், அவனுக்கு அவசரமே இல்லை.

தோழி விஷயத்தில் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பலரும் சாக வேண்டும் என்று அதைச் செய்வதில்லை. மனசுக்குள் இருக்கும் வலியைத் தாங்க வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். ஆனாலும் அப்படிச் செய்யும் பிள்ளைக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் 'சும்மா சீன் போடுறா' என்று விட முடியாது. 'இன்னைக்கு ராத்திரி', 'எல்லாருக்கும் பை' என்கிற மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், அந்த நிமிடமே அந்தப் பெண்ணின் வீட்டுக்கு போன் செய்யுங்கள். நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்ற கேள்விக்கு அப்போது மதிப்பே கிடையாது. அந்த அளவுக்கு இல்லை என்றால், முதலில் உங்கள் மகளிடம் பேசிவிட்டு, அவளையும் சேர்த்துக்கொண்டு அந்தத் தாயிடமோ பள்ளியில் நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடமோ போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தோழியின் அம்மாவும் பேசலாம், நீங்களும் பேசலாம். என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் உங்கள் மகளும் பேசலாம்.

அந்தக் கடைசிக் காரியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 14 வயதில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு ஸ்கூலுக்குப் போய் வருகிறாள். அதே வீட்டில் அம்மா அப்பா இருவருக்கும் அது தெரியும். தெரிந்தும், தெரிந்தது தெரியக்கூடாது என்பதற்காகச் சும்மா இருக்கிறார்கள். ஒளிந்து படிப்பதில் எனக்குள்ள பெரிய சங்கடம் இதுதான். பாதுகாப்புக்கு என்று ஆரம்பித்த காரியம், பாதுகாக்க வேண்டிய நேரத்தில் உங்கள் வாயைக் கட்டிவிட்டது.

சரி, அந்த அண்ணா.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அவன் யார் என்று என்னால் சொல்ல முடியாது. நிஜமாகவே 19 வயதுப் பையனாக இருக்கலாம், 40 வயதுக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் அவன் நடக்கும் பாதை பழகிய பாதை. கேமுக்குள் உதவி செய்வது, கேமில் காசு கொடுத்து வாங்கும் டைமண்டோ ஸ்கின்னோ வாங்கித் தருவது, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ கூட்டிவருவது, 'உன்னை உங்க வீட்ல யாரும் புரிஞ்சுக்கலை' என்று அனுதாபம் காட்டுவது, 'இது நமக்குள்ள மட்டும்' என்பது, 24 மணி நேரத்தில் மெசேஜ் தானாக மறைகிற வசதியைப் போடச் சொல்வது, அப்புறம் ஒரு படம். முதலில் சாதாரணப் படம்தான். யூனிஃபார்ம் படம் எதற்கு என்றால் பள்ளியின் பெயர் அதில் தெரியும். பள்ளி தெரிந்துவிட்டால், 'உன் ஸ்கூல் குரூப்ல போட்டுடுவேன்' என்று மிரட்ட ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

இப்படி மிரட்டுகிறவன் எதை நம்பித் தொழில் செய்கிறான்? அவனிடம் உள்ள படத்தை விட, பிள்ளைக்கு வீட்டில் உள்ள பயத்தைத்தான் நம்புகிறான். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்', 'போனைப் பிடுங்கிடுவாங்க', 'ஸ்கூலை விட்டு நிறுத்திடுவாங்க' என்று அந்தப் பிள்ளை நினைக்கும் வரைதான் அவன் கேட்பதெல்லாம் கிடைக்கும். அம்மாவிடம் போய், 'ஒருத்தன் மிரட்டுறான்மா' என்று அவள் சொல்லிவிட்ட நிமிடமே அவன் பிடி தளர்ந்துவிடுகிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் இந்த மாதிரி சிக்கியவர்களை, 'ஏன் வீட்ல சொல்லலை' என்று கேட்டால் படத்தைப் பற்றிய வெட்கத்தைச் சொல்வதற்கு முன்னால் போனைப் பற்றிச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு அந்த போனில்தான் தோழிகள் எல்லாரும் இருக்கிறார்கள்.

அதனால் உங்கள் வீட்டில் இன்றைக்கே ஒரு வாக்கு தேவைப்படுகிறது: போன் சம்பந்தமாக நீ எதைச் சொன்னாலும், அது உன் தப்பாகவே இருந்தாலும், அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம். இதை உங்கள் கணவர் தன் வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் காப்பாற்ற வேண்டும். எந்த ஆப்பும் தராத பாதுகாப்பு இது. இரவு பதினொன்றரைக்கு மிரட்டல் வந்தால் அவள் உங்கள் அறைக் கதவைத் தட்டுவாளா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவனை என்ன செய்வது? மகளோடு உட்கார்ந்து, அவள் கையாலேயே, முதலில் அவனுடைய எண் தெரியும்படி சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்கு அப்புறம்தான் ரிப்போர்ட், பிளாக். வாட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ்கள் அந்த நிறுவனத்துக்குப் போகும். கோபத்தில் முதலிலேயே சாட்டை அழித்துவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் கணவரோ மைத்துனரோ அவனுக்கு போன் போட்டு மிரட்ட வேண்டாம். அவன் வேறு எண்ணில் வருவான், அவ்வளவுதான்.

பேசும்போது அவள் ஏற்கெனவே ஏதோ படம் அனுப்பியிருப்பது தெரியவந்தால், அல்லது அவன் ஆபாசமாக ஏதாவது அனுப்பியிருந்தால், இது காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை போன் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சைபர் குற்றங்களுக்கு 1930, அது போக மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளமும் இருக்கிறது. ஸ்டேஷன் என்றதும் பயப்படாதீர்கள். போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், வரும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது, கூடியவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஊடகங்கள் பெயர், பள்ளி எதையும் வெளியிட முடியாது.

இதில் பெற்றோர் பலரும் யோசிக்காமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. 'அவன் என்ன அனுப்பியிருக்கான் பாருங்க' என்று அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் வக்கீல் நண்பருக்கும் ஃபார்வர்டு செய்துவிடுவார்கள். குழந்தையின் ஆபாசப் படத்தை யார் யாருக்கு அனுப்பினாலும் குற்றம்தான். அப்படிப்பட்ட படங்களைத் தரவிறக்கி வைத்துப் பார்த்தது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது. ஆகவே படத்தை யாருக்கும் அனுப்பாமல் அந்த போனையே நேரில் அதிகாரியிடம் காட்டுங்கள். படம் இணையத்தில் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தால் அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் உருவாகி, அந்த அடையாளம் மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்றவை அதை வைத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் மாதிரி பூட்டிய உரையாடல்களுக்குள் இது வேலை செய்யாது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் மகளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'ஏதாவது சாக்கு வைத்து, நாங்கள் படித்தது தெரியாமலே விஷயத்தைக் கிளறலாமா' என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகள் தடயம் பார்ப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதைத் திறந்தால் உங்கள் கணவரின் லேப்டாப் அங்கே கடைசியாக எப்போது விழித்திருந்தது என்பது வரை தெரியும். அவள் தானாகக் கண்டுபிடித்தால் உங்களிடம் சொல்ல மாட்டாள். அந்த வாட்ஸ்அப்பில் டியூஷன், ஹோம்வொர்க் பேச்சை மட்டும் உங்களுக்காக விட்டு வைத்துவிட்டு, நிஜப் பேச்சை இன்ஸ்டாகிராமுக்கோ கேம் சாட்டுக்கோ கொண்டு போய்விடுவாள். நீங்கள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஒருவேளை இப்போதே அப்படித்தானோ என்னவோ. கேமுக்குள் அந்த அண்ணா என்ன பேசுகிறான் என்பது அந்த லேப்டாப்பில் வராது.

சொல்ல வேண்டியவர் அப்பா. இணைத்தவர் அவர், பெண் பிள்ளைக்கு அவர் வாயிலிருந்து வரும் மன்னிப்புக்கு வேறு எடை. லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'பாப்பா, போன் வாங்கினதுல இருந்து உன் வாட்ஸ்அப்பை இதுல கனெக்ட் பண்ணி நானும் அம்மாவும் படிச்சோம். பயத்துல செஞ்சேன். உன்கிட்ட கேட்காம செஞ்சது தப்பு. இப்போ உன் முன்னாடியே எடுத்துடறேன்' என்று சொல்லட்டும். லாக் அவுட் பட்டனை அவளையே அழுத்தச் சொல்லுங்கள். 'ஆனா நீயும்...' என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்காதீர்கள். அதே உட்காருதலில் பையன் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். தோழியைப் பற்றியும் அந்த அண்ணாவைப் பற்றியும் மட்டும், 'இந்த ரெண்டு விஷயம் எங்களைப் பயமுறுத்துது, நீ தனியா இதைத் தாங்க வேண்டாம்' என்று சொல்லலாம்.

அவள் அழுவாள், கத்துவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். சில நாள் பேசாமல் இருப்பாள், போனின் பாஸ்வேர்டை மாற்றுவாள். மாற்றட்டும். 'அதான் சாரி சொல்லிட்டோம்ல' என்று அவசரப்படுத்தாதீர்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பெற்ற பிள்ளைக்கு என்ன ரகசியம்?

சட்டமாகப் பார்த்தால், 18 வயது வரை பெற்றோர்தான் பாதுகாவலர். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. இன்னொரு பக்கம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக்கூடாது என்கிறது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. இவற்றை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வழக்காட முடியாது. நான் உங்கள் கணவரிடம் கேட்க விரும்புவது வேறு. அவர் தன் 14 வயதில் நண்பர்களோடு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பேசியதையெல்லாம் அவருடைய அப்பா ஒரு வரி விடாமல் கேட்டிருந்தால், அவர் இன்றைக்கு இருக்கும் ஆளாக ஆகியிருப்பாரா? அந்த வயதுப் பேச்சில் பாதி வீம்பு, பாதி ஒத்திகை. 'செத்துருவேன்டி' என்று ஒருத்தி எழுதினால் அது கணக்கு டெஸ்ட்டைப் பற்றியும் இருக்கலாம். வெளியிலிருந்து படிக்கிறவருக்கு எது விளையாட்டு, எது வினை என்று பிரிக்கத் தெரியாது. அதனால்தான் கை கீறிய வரி மூன்று வரியாகவும், 'ஐ லைக் யூ' இத்தனை பக்கமாகவும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம், அந்த லேப்டாப்பில் வந்தது உங்கள் மகளின் ரகசியம் மட்டும் இல்லை. தோழிகள் எழுதியதும் சேர்ந்துதான் வந்தது. 'அம்மாகிட்ட சொல்லிடாதே' என்று அந்தப் பெண் எழுதியது உங்கள் மகளுக்கு. உங்கள் கணவர் அதைப் படிப்பார் என்று அவளும் அவள் பெற்றோரும் சம்மதிக்கவில்லை. இன்னும் ஒன்று: ஆபீஸ் லேப்டாப் என்று எழுதியிருக்கிறீர்கள். 14 வயதுப் பெண்களின் உரையாடலும் படங்களும் அலுவலகச் சொத்தான ஒரு கணினியில், அலுவலகத்தின் கணினிப் பிரிவு திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இத்தனை நாள் இருந்திருக்கின்றன. அதைத் திறக்கிற யாரும் உங்கள் மகள் பெயரில் மெசேஜ் அனுப்பவும் முடியும்.

நண்பர் சொன்ன ரகசிய ஆப்புக்கு என் பதில்: போடாதீர்கள். ஒளிந்திருந்து வேவு பார்க்கும் ஆப்புகளை கூகுள் தன் பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஆப் என்றாலும் அது இயங்குவது அந்த போனில் எப்போதும் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே தெரியாமல் இயங்குவது வேண்டும் என்றால் வெளியிலிருந்து இறக்கி, போனின் பாதுகாப்புச் சோதனையை நீங்களே அணைத்துவிட்டுப் போட வேண்டும். வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டுக் காவலுக்கு ஆள் போடுகிற கதை. சேரும் தகவலெல்லாம் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காரும். அமெரிக்காவின் டீன்சேஃப் என்ற ஆப், பெற்றோர் நம்பி வாங்கியதுதான். 2018இல் அதன் சர்வர் பூட்டாமல் கிடந்து, பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கு பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியில் தெரிந்தன. அந்த ஆப் வேலை செய்ய, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள் என்பது இதில் கூடுதல் கொடுமை. எம்ஸ்பை என்ற இன்னொன்றிலிருந்து தகவல் கசிந்தது ஒரு தடவை இல்லை, 2015, 2018, 2024 என்று மூன்று தடவை.

அப்படியானால் கண்காணிக்கவே வேண்டாமா என்றால், வேண்டும். 14 வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு 'நம்பிக்கை' என்று கை கழுவுவதை நான் ஆதரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்து செய்யுங்கள். என்ன பேசுகிறாள் என்பதை விட்டுவிட்டு, யாரோடு பேசுகிறாள் என்பதைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமே இந்தியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டீன் அக்கவுண்ட்' என்று தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது, 16 வயதுக்குக் கீழே என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பெற்றோர் தங்கள் கணக்கை இணைத்தால் கடந்த 7 நாளில் பிள்ளை யாருக்கெல்லாம் மெசேஜ் செய்தாள் என்று பார்க்கலாம், மெசேஜைப் படிக்க முடியாது. அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்வதையெல்லாம் நான் மெச்சுகிறவள் இல்லை, ஆனால் இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் திறந்திருந்தால் இதெல்லாம் வேலை செய்யாது, அதைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அவளையே உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து சில மாற்றங்களைச் செய்யச் சொல்லுங்கள். குரூப்பில் சேர்க்க 'என் தொடர்புகள்' மட்டும், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு மணி அடிக்காத வசதி, புரொஃபைல் படம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும், வேறு யாரும் அந்தக் கணக்கைத் திருடிவிடாமல் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. பிள்ளையின் போனைப் பெற்றோர் மேற்பார்க்க உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பில் புது ஆப் எதையும் உங்கள் சம்மதத்தோடு மட்டும் இறக்கும்படி வைக்கலாம். நேரில் பார்க்காத ஒருவர் புதிதாகத் தொடர்பில் வந்தால் வீட்டில் சொல்ல வேண்டும் என்பது ஒரு விதி. இரவு ஒன்பதரைக்கு மேல் போன் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் இருவரின் போனும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும். அப்பா மட்டும் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

சாட்டைத் திறந்து படிக்கவே கூடாதா? படிக்க வேண்டிய நேரமும் வரும். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, போன் மணி அடித்தால் முகம் வெளுக்கிறது, உடம்பில் காயம் தெரிகிறது, எங்கிருந்தோ பணமோ பரிசோ வருகிறது, பிள்ளையைக் காணவில்லை என்ற நிலைமைகளில் நான் பெற்றோரைத் தடுக்க மாட்டேன். அப்போதும், 'உன் போனைப் பார்க்கப் போறேன், பக்கத்துல உட்காரு' என்று சொல்லிவிட்டுப் பார்ப்பது நல்லது. சொல்ல அவகாசம் இல்லை என்றால் பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்தக் கோடு பெரிய நிறுவனங்களுக்கும் எளிதாகப் பிடிபடவில்லை. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளை நிர்வாணப் படத்தைத் திறந்து பார்த்தாலோ அனுப்பினாலோ பெற்றோருக்குத் தகவல் போகும் என்று ஆப்பிள் 2021இல் அறிவித்தது. வீட்டிலேயே அடி உதை வாங்கும் பிள்ளைக்கு அந்தத் தகவலே ஆபத்தாகிவிடும் என்று எதிர்ப்பு வந்ததும், அந்த ஆண்டு இறுதியில் வசதியை வெளியிட்டபோது தானாகத் தகவல் போவதை எடுத்துவிட்டு, பிள்ளைக்கு எச்சரிக்கை காட்டுவதையும் நம்பிக்கையானவரிடம் சொல்லத் தூண்டுவதையும் மட்டும் வைத்தார்கள்.

கடைசியாக, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பையன். நீங்கள் அனுப்பியிருக்கும் வரிகளில் நான் பார்த்தவரை, சாப்பிட்டியா, ரெக்கார்டு நோட் முடிச்சியா, நாளைக்கு வருவியா, ஐ லைக் யூ. இதில் மிரட்டல் இல்லை, படம் கேட்பது இல்லை, ரகசியமாக வா என்பது இல்லை. இதற்குக் காவல் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் 'யார் வீட்டுப் பையன், என்ன ஆளுங்க' என்று ஒரு வரி இருந்தது, அதை நான் இங்கே போடவில்லை. பெண் பிள்ளையின் போனைப் பற்றிய நம் ஊர்ப் பயத்தில் இந்த வரி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அது உங்கள் பயம். அதைப் பிள்ளையின் பாதுகாப்பு என்ற கணக்கில் எழுதினால், நிஜமான ஆபத்து வரும்போது அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பையனைப் பற்றி அவளாக ஒருநாள் வாய் திறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். படம் அனுப்புவது, தனியாகச் சந்திப்பது, 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகுவது இதையெல்லாம் எந்தப் பையனையும் குறிப்பிடாமல் அம்மாவாக நீங்கள் எப்படியும் பேச வேண்டியதுதான்.

மகனைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன். அவனும் அக்கா போனில் அதே கேமைத்தான் விளையாடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். படத்தை வாங்கிக்கொண்டு காசு கேட்டு மிரட்டுகிறவர்கள் ஆண் பிள்ளைகளையும் விடுவதில்லை, 'பையன்தானே' என்று வீட்டில் யாரும் பார்க்காமல் இருப்பது அவர்களுக்கு வசதி. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அந்த நிறுவனங்களே வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. அதுவரை அவனுக்குத் தனிக் கணக்கு வேண்டாம், நண்பர்களோடு பேச வேண்டுமானால் உங்கள் போனில், ஹாலில் உட்கார்ந்து பேசட்டும். அந்த அண்ணா இவனிடமும் பேசியிருக்கிறானா என்று இந்த வாரமே கேளுங்கள்.

லேப்டாப்பை லாக் அவுட் செய்வதையும் தோழியின் விஷயத்தையும் இன்று இரவே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் திங்கட்கிழமை நீங்களும் மகளும் சேர்ந்து பாருங்கள். அப்புறமும் சில வாரத்துக்கு அவள் சரியாகச் சாப்பிடாமலோ தூங்காமலோ ஸ்கூலுக்குப் போக மறுத்தாலோ பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ ஒரு குழந்தை மனநல நிபுணரிடமோ அழைத்துப் போங்கள். போகும்போது கணவரும் வரட்டும்.